ஓரெழுத்தும் ஒரு வெட்டும்

மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கணினி பூட்ட முனைந்தோம். மத்ரஸா ஊதியத்தின் சேமிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எட்டாது. ஆகவே, கிராபிக்ஸ் உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜி பிராசஸரைத் தேர்ந்தோம். ‘ஜி’ என்ற ஓரெழுத்தில்லாத 5600இல் அது கிடையாது. இதற்குரிய ஏஎம்4 மதர்போர்டு டிடிஆர்4 ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்5இலும் 288 பின்களே. எனினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் உள்ளே நுழையாது. ரேமை 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கினோம். கிராபிக்ஸும் அதையே பகிர்ந்துகொள்வதால், இரண்டாக இருப்பின் வேகம் கூடும்.

மகள் விளக்கு மின்னும் கேபினட்டுக்கு ஆசைப்பட்டாள். அதோடு மலிவான எஸ்எம்பிஎஸ்ஸும் வந்தது. அது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுக்கக்கூடும் என்பதால் இசையவில்லை. எளிய கேபினட்டை எடுத்து, மிஞ்சிய தொகைக்கு 80 பிளஸ் சான்றுடைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினோம்.