மடக்கத் தெரிந்தே பிறந்தவை

இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கிறது நார்தம்பர்லேண்ட். செவியட் குன்றுகளைத் தாண்டினால் ஸ்காட்லாந்து. அந்தச் சரிவுகளில் சிதறி மேயும் ஆடுகளை ஓர் ஆள் ஓடி மடக்கிவிட முடியாது. நாய்தான் வேண்டும்.

நான் தங்கிய பண்ணையில், ஒரு வயதுகூட நிரம்பாத பார்டர் காலி குட்டி ஒன்றை அன்றுதான் முதன்முதலாக ஆடுகளிடம் விட்டார்கள். கயிற்றை அவிழ்த்ததும் அது நேரே பாயவில்லை. ஒதுங்கி ஓடி, அகலமாக வளைந்து, ஆடுகளுக்கு அந்தப் பக்கம், மேய்ப்பருக்கு நேரெதிரே போய் நின்றது. தலை தாழ்ந்தது. வால் தொங்கியது. தூக்கிய முன்னங்கால் கீழே இறங்கவே இல்லை. ஒரு குரைப்பு கிடையாது; வெறும் பார்வைதான். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் நகர ஆரம்பித்தன. மேய்ப்பர் இரண்டடி விலகினார். குட்டியும் விலகி மறுபடி அவருக்கு எதிரே வந்து நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“இதை யார் பழக்கியது?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லை. நிறுத்துவதற்குத்தான் நான் பழக்க வேண்டும்” என்றார்.

நாயின் மூதாதையான ஓநாய் இரையைத் தேடும், உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கடித்துக் கொல்லும். அந்தக் கடைசிக் கட்டம் மங்கிப்போன நாய்களையே தலைமுறை தலைமுறையாக மேய்ப்பர்கள் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். மந்தையின் மேல் பாயாமல் சுற்றி ஓடும் இந்தச் சுபாவம் பரம்பரையாக வருவது என்று 1859இலேயே டார்வின் எழுதியிருக்கிறார்.

இன்றைய பார்டர் காலிகளில் பெரும்பாலானவை இதே நார்தம்பர்லேண்டில் 1893இல் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாயின் வழிவந்தவை. அதை வளர்த்தவர் ஆடம் டெல்ஃபர். தகப்பன் ராய், எல்லோரோடும் ஒட்டும் சாதுவான நாய். தாய் மெக், கூச்சமும் கூர்மையான பார்வையும் கொண்டது. இரண்டின் குணங்களும் ஹெம்ப்பிடம் அளவாகச் சேர்ந்திருந்தன. ஆரவாரமில்லாமல் ஆடுகளை நகர்த்தும் அதன் பாணியைப் பார்த்த மேய்ப்பர்கள், அதன் குட்டிகளைத் தேடிப் போனார்கள்.

மேய்ப்பரின் கட்டளைகளில், ஆடுகளைச் சுற்றி கடிகார முள் சுற்றும் திசையில் ஓடக் ‘கம் பை’, எதிர்த்திசைக்கு ‘அவே’. தனக்குத் தெரிந்த ஓட்டத்துக்கு மேய்ப்பர் வைத்த பெயரைத்தான் நாய் கற்றுக்கொள்கிறது. அதனால் அழகுப் போட்டிக்காக இந்த இனத்தை வளர்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. ரோமத்தையும் காதையும் பார்த்து இனம் சேர்த்தால் அந்தப் பார்வை எத்தனை தலைமுறைக்கு நிற்கும்? ஆடில்லாத வீட்டிலோ, இந்த நாய் சைக்கிளையும் ஓடி விளையாடும் பிள்ளைகளையும் மடக்கப் பார்க்கும்.

குட்டி கேட்டு வருகிறவர்களிடம் விலை பேசுமுன், “எத்தனை ஆடு வைத்திருக்கிறீர்கள்?” என்று அந்த மேய்ப்பர் கேட்பாராம். இல்லை என்றால் குட்டி கிடையாது.