பவானிக் கரையில் ஒரு மிதிவண்டி வலம்

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மீண்டும் ஒரு மிதிவண்டிப் பயணம் போக வேண்டும் என்று எங்கள் இளைஞர் மன்றத்தார் வந்து கேட்டபோது, உடனே ஆகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள், வழியை எழுதித் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கும். வழி அவர்களுக்குத் தெரியாததா? கோபிசெட்டிபாளையத்தில் புறப்பட்டு, பவானியாற்றின் ஒரு கரையில் சென்று மறு கரையில் திரும்பினால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மலையேற்றம் கிடையாது. கைப்பேசியில் விரலை வைத்தால் அதுவே கோடு போட்டுக் காட்டிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே வரைபடத்தைப் பார்த்து ஒரு நாளைக் குறித்தேன். அதன் விளைவை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை. அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை அறியாத வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும்.

பவானிசாகர் அணையைக் கடந்து கிழக்கே ஓடும் ஆற்றுக்கு வடபுறம் சத்தியமங்கலம் காட்டு மலைகள் மதில்போல் நிற்கின்றன. தென்புறத்து மேட்டு நிலத்தில் கீழ்பவானி வாய்க்கால் போகிறது. 1948-இல் தொடங்கி 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்கு நீர் கொடுக்கிறது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்திலோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்த பாசனம் ஒன்று இருக்கிறது. கொடிவேரி அணைக்கட்டின் தென்கரையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலும் வடகரையிலிருந்து அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிந்து, இரண்டுமாக 24,504 ஏக்கரை நனைக்கின்றன. நெல்லும் வாழையும் கரும்பும் மஞ்சளும் மாறி மாறிக் கண்ணில் படும் அந்த வயல்வெளியைத் திரைப்படங்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்நாளில் வாய்க்கால் வெட்டியவர்கள் நீர் தானே நடந்து போகும்படி மட்டம் பார்த்து வெட்டினார்கள். அந்த மட்டத்தை ஒட்டியே ஊர்களும், ஊர்களை இணைக்கும் சாலைகளும் பெரும்பாலும் அமைந்துவிட்டன. பல்சக்கர வண்டி இல்லாதவனும் இங்கே 70 கிலோமீட்டர் மிதிக்கலாம் என்று நான் துணிந்ததற்குக் காரணம் இதுவே.

அத்துணிவில் பிழை இல்லை. பிழை திசையிலும் மாதத்திலும் இருந்தது. ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினெட்டுப் பேர் புறப்பட்டோம். தெரியாத வடகரையை முதலில் முடித்துவிட்டு, தெரிந்த பெருஞ்சாலை வழியாக வீடு திரும்பலாம் என்பது என் கணக்கு. பாரியூர், சவுண்டப்பூர் வழியே ஆற்றைக் கடந்து அத்தாணி சேரும்வரை பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். அத்தாணியில் மேற்கே திரும்பினோம். திரும்பியதும் முகத்தில் அறைந்தது காற்று.

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து நம் சமவெளி முழுவதும் வீசுகிறது. பல்லடத்திலும் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிரை நிரையாக நிற்பது அதனால்தான். காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுப்பது அதன் இயல்பு. அந்த வலுத்த நேரத்தில், அதற்கு நேர் எதிரே, முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை நான் பிள்ளைகளுக்கு வைத்திருந்தேன்.

முன்னே போகிறவர்களுடன் நானும் முன்னே போனேன். ஐம்பதைக் கடந்தும் கால் தளரவில்லை என்று காட்டும் ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது. பிற்பகலில் சத்தியமங்கலத்துத் தேநீர்க் கடையில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு பேரே இருந்தோம். இல்லாதவன் பதினொன்றாம் வகுப்புப் பையன். பீடத்தில் எனக்குப் பூசைக்கு உதவுகிறவன். அவனது வண்டி பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. கனமானது, ஒரே பல்சக்கரம் கொண்டது. கைப்பேசியும் அவனிடம் இல்லை. எப்போது பின்தங்கினான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு வாகனத்தை அமர்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். சத்தியமங்கலத்துக் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். பொழுது சாய்ந்தால் அடிவாரத்து வாழைக்கும் கரும்புக்கும் யானைகள் இறங்குவது இப்பக்கத்தில் புதிதன்று. அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செபித்தேன் என்பது நினைவில்லை. பங்களாப்புதூரைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டுத் திண்ணையில் பையன் உட்கார்ந்திருந்தான். தலை சுற்றி வண்டியோடு சாய்ந்தவனை வீட்டுக்காரர் தூக்கி வந்து மோர் கொடுத்திருந்தார்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏனுங்க சாமி, இந்த மாசத்துல, வெயிலேறுன பொறவு, மேக்க பாத்து ஆராச்சும் மிதிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பூசை முடிந்து பையனின் தாய் எனக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல் போனார். அவர் ஏதேனும் சொல்லியிருக்கலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

ஐரோப்பாவில் தானூபு ஆற்றங்கரையில் பாசாவிலிருந்து வியன்னாவுக்கு மிதிவண்டிப் பாதை ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதை மேற்கிலிருந்து கிழக்காகவே, ஆறு போகும் திசையிலேயே ஓட்டுகிறார்கள். அங்கும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறதாம். ஆனால் அவர்கள் முடிந்த இடத்தில் இரயிலேறி ஊர் திரும்பிவிடலாம். புறப்பட்ட வாசலுக்கே திரும்ப வேண்டிய நமக்கு எதிர்காற்று எப்படியும் ஒரு பாதி உண்டு. அதை எந்த நேரத்தில் வாங்கிக்கொள்வது என்பதில்தான் நமக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே இம்முறை வலமாகப் போகிறோம். மாதம் புரட்டாசி. காற்றின் வேகம் தணிந்திருக்கும்; வடகிழக்குப் பருவமழை தொடங்கியிராது. அது தொடங்கிவிட்டால் வடகரைச் சாலையின் குறுக்கே மலையிலிருந்து இறங்கும் பள்ளங்களில் எப்போது வெள்ளம் வரும் என்று சொல்வதற்கில்லை. காலை ஐந்தரைக்குப் பூசை, ஆறேகாலுக்குப் புறப்பாடு. தென்கரையில் காசிபாளையம், அரியப்பம்பாளையம் வழியே சத்தியமங்கலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேற்கு நோக்கிய பகுதி இது. காற்று எழுமுன் முடித்துவிட வேண்டும். பேருந்தும் சரக்கு வண்டியும் மிகுந்த சாலையும் இதுவே. அவை பெருகுமுன் கடப்பது இரட்டை நன்மை. மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் ஒருவரும் போகலாகாது. எட்டரைக்குச் சத்தியமங்கலத்தில் இட்லி.

அங்கே இளைஞர் இருவர் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: இவ்வளவு தூரம் போய் பவானிசாகரைப் பார்க்காமல் வருவதா? அணை அழகானதுதான். ஆனால் போய்வர இன்னும் முப்பது கிலோமீட்டர் ஆகும். வலுத்தவர்களுக்கு அது விளையாட்டு. மற்றவர்களின் நாள் அங்கேயே முடிந்துவிடும். மறுத்துவிட்டேன். கொஞ்சம் முகம் வாடியது.

சத்தியமங்கலத்தில் பாலம் கடந்து வடகரையில் கிழக்கே திரும்பினால் காற்று முதுகில் கை வைக்கும். பத்துக் கிலோமீட்டரில் கொடிவேரி. அணைக்கட்டின் மேல் வழிந்து அகலமாக விழும் நீரைப் பார்க்கலாம், பொரித்த மீன் வாங்கித் தின்னலாம். ஆற்றில் இறங்கக் கூடாது என்பது என் கட்டளை. குழந்தைகளும் குளிக்கும் தண்ணீராகத் தோன்றும் அதற்குள் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. பிறகு டி.ஜி.புதூர், பங்களாப்புதூர், தூக்கநாயக்கன்பாளையம். அங்கே கட்டுச்சோறு, ஒரு மணி நேர ஓய்வு. கள்ளிப்பட்டி, அத்தாணி கடந்து, சவுண்டப்பூர் வழியே நாலு மணிக்குள் கோபி. மாலை இடிமழைக்கும் முந்திவிடலாம். இருட்டுக்கோ இரண்டு மணி நேரம் மிச்சம்.

பங்களாப்புதூர்த் தோட்டத்து வீட்டில் ஐந்து நிமிடம் நிற்கவும் எண்ணம். பெரியவர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கோவில் வாசலில் ஒட்டினேன். முதலிடத்தில் எழுதியது வேகக் கணக்கன்று: பட்டியலிலேயே கனத்த வண்டி யாருடையதோ, அவர் முன்னே போவார், மற்றவர்கள் அவரைக் கடக்கலாகாது. கியர் வண்டிக்காரர்கள் இதற்கு முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் அவர்கள் பொறுப்பில்தான் கொடுத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் அந்தத் தாய் வந்தார். மகன் இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறான். இளையவளின் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதே வண்டிதான் அவளுக்கு வந்திருக்கிறது.

"கடைசியா ஆருங்க சாமி வருவாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் அம்மா."

தலையசைத்தார். பெயரை எழுதிக்கொண்டேன். வண்டியை வாசலில் பார்த்தேன். பின்சக்கரத்து டயர் தேய்ந்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.