ஒரு டன் காரும் போகி ஷாப் கிழவனும்

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி போகி ஷாப்பில்தான் போனது. ரயில் பெட்டியில் நீங்கள் உட்காரும் பாகத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அதற்குக் கீழே சக்கரம், ஸ்பிரிங், புஷ் என்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதே, அதுதான் எனக்குச் சோறு போட்டது.

மகன் கம்ப்யூட்டர் ஆள். டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவை என்ற ஊரில் இருக்கிறான். ஸ்பேனரைப் பிடித்துப் பார்த்தே இராத பையன், முப்பத்தெட்டு வயதில் திடீரென்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். மாஸ்டா மியாட்டா, 1992 மாடல். இரண்டே சீட்டு. துணிக்கூரை. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி விளக்கு இரண்டும் மேலே எழும்பும். இதே கார் ஐரோப்பாவில் எம்.எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன். எங்கள் கணக்கில் ஒரு டன் என்பது எடையே இல்லை.

சென்ற கோடையில் நாங்கள் போயிருந்தபோது கராஜில் அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தான். "அப்பா, சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணப் போறேன். நீங்க சும்மா உக்காந்து பாருங்க" என்றான். என்னை உட்காரச் சொன்னவன், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கவும் கூப்பிட்டான். நான்கு ஷாக் அப்ஸார்பரில் இரண்டு எண்ணெய் கக்கியிருந்தன. புஷ் ரப்பரெல்லாம் வெடித்து, வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இருந்தது. முப்பது வருட ரப்பர், பாவம், வேறு எப்படி இருக்கும்?

முதல் சண்டை உயரத்தில் வந்தது. அவன் பார்த்த படங்களில் எல்லாம் காரின் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டரை அங்குலம் இறக்க வேண்டும், ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இறுக்கமாக இருந்தால் ரேஸ் கார், மெத்தென்று இருந்தால் குடும்பக் கார் என்று ஒரு நினைப்பு பலருக்கும் உண்டு.

சஸ்பென்ஷனின் வேலை டயரை ரோட்டிலிருந்து பிரியாமல் வைத்திருப்பது. நம் முதுகுக்குக் கிடைக்கும் சொகுசு அதற்கு அடுத்ததுதான். ஸ்பிரிங் எடையைத் தாங்கும்; ஆனால் தாங்கிய பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். எங்கள் ஐ.சி.எஃப். போகியில் ஆக்ஸில் பக்கத்து ஸ்பிரிங்குக்கு உள்ளேயே டேஷ்பாட் என்று ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். பெட்டி குதிக்கும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளை வழியாகத்தான் நுழைந்து வெளியேற வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டம் செத்துப்போகும். காரின் ஷாக் அப்ஸார்பரும் அதே தத்துவம்தான், கொஞ்சம் நாகரிகமான உடையில். எண்ணெய் இல்லாத டேஷ்பாட்டில் எவ்வளவு நல்ல ஸ்பிரிங்கை வைத்தாலும் பெட்டி துள்ளும்.

மியாட்டாவில் சக்கரம் மேலே போக இருக்கும் இடமே குறைச்சல். அதில் இரண்டரை அங்குலத்தை நீயே தின்றுவிட்டால் மிச்சம் என்ன? சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். இடித்த அந்த நொடியில் உனக்கு ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது. வளைவில் அது நடந்தால் டயர் பிடி விட்டுவிடும். மிச்சிகன் ரோடு வேறு. குளிர்காலத்தில் விரிசலில் நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, வசந்தத்தில் குண்டும் குழியுமாக நிற்கும். நம்மூர் மழைக்காலம் தோற்றுவிடும்.

அவன் கேட்டுக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். "பாத்துக்கலாம்பா" என்றான். கேட்டது மருமகள்தான். "மாமா, பக்கத்து சீட்டுல உக்காரப் போறது இவதானே?" என்று பேத்தியைக் காட்டினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு மேக்கினா பாலம் வரை கூரையைத் திறந்துபோட்டுப் போக வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு உயரத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை. தரைதட்டும் கிட் திரும்பிப் போனது. ஒரு அங்குலம் மட்டும் இறக்கும் ஸ்பிரிங், நெதர்லாந்து கம்பெனியான கோனியின் மஞ்சள் ஷாக் அப்ஸார்பர், புது பம்ப் ஸ்டாப், புது புஷ் செட் வந்தன. புஷ்ஷில் அவன் பாலியூரித்தேன் கேட்டான். அதற்குக் கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கிறீச்சிடும். ரப்பர் போதும் என்றேன்.

கழற்றுவது இரண்டு நாள் வேலை என்று இணையத்து வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கார் கலிபோர்னியாவில் வாழ்ந்த கார். இது மிச்சிகன் கார். பனிக்காலத்தில் இங்கே ரோடு முழுக்க உப்பு கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி ஒவ்வொரு போல்ட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கை உண்டு. கீழ்க்கையைப் பிடிக்கும் போல்ட்டுகளில்தான் சூட்சுமம். அவற்றின் தலைக்குக் கீழே மையம் விலகிய வட்டத்தகடு இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் சக்கரத்தின் சாய்வும் நேரும் மாறும். வீல் அலைன்மெண்ட் செய்வது அதை வைத்துத்தான். அந்தப் போல்ட் புஷ்ஷின் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த ஷாக் அப்ஸார்பரும் வீண். சக்கரத்தை நேராக்கவே முடியாது. துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை, சாமிக்கு விளக்கு ஏற்றுகிற மாதிரி, மூன்று நாள் விட்டோம். ஒவ்வொன்றாக அசைந்தன. பின்பக்க இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை.

நெருப்பு காட்டலாம் என்றான். நான் முடியாது என்றேன். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. அந்தப் போல்ட்டுக்கு எட்டும் தூரம். அறுப்பதுதான் வழி. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளேடு நுழைய ஒரு மயிரிழை இடம். புஷ் போனால் போகட்டும், புதுசு இருக்கிறது. பிராக்கெட்டில் கீறல் விழுந்தால் அது சட்டத்தின் பாகம், கடையில் வாங்க முடியாது. நான் டார்ச் பிடிக்க, அவன் மின்ரம்பத்தை விட்டு விட்டு ஓட்டினான். ஒரு பக்கம் அறுக்க நாற்பது நிமிடம். அவன் அவசரப்படாததைப் பார்த்தபோது, இவனை போகி ஷாப்பில் அப்பிரண்டிஸாக எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

பழைய புஷ்ஷை அழுத்தி எடுக்க வீட்டில் வசதியில்லை. கைகளை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் மாற்றினோம். ஸ்பிரிங்கை அழுக்கும் கருவியை உதிரிபாகக் கடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வந்த ஜோடியில் ஒன்றின் மரை நசுங்கியிருந்தது. அழுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். பெரம்பூரில் அதற்கென்றே பிரஸ் உண்டு, ஆனாலும் முன்னால் யாரையும் நிற்க விட மாட்டோம். "ஒரு தடவைதானேப்பா" என்றான். "ஒரு தடவைதான்டா தெறிக்கும்" என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினேன். வேறு ஜோடிக்கு ஒரு நாள் காத்திருந்தோம்.

எல்லாம் பூட்டியாயிற்று. கார் நான்கு ஸ்டாண்டின் மேல், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மகன் டார்க் ரெஞ்சை எடுத்தான். நான் கையைப் பிடித்தேன்.

ரப்பர் புஷ் என்பது இரண்டு இரும்புக் குழலுக்கு நடுவே ஒட்டவைத்த ரப்பர். எங்கள் ஆங்கர் லிங்க்கில் இதற்கு சைலண்ட் பிளாக் என்று பெயர். வெளிக்குழல் கையோடு அசையும், உள்குழலைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், நடுவில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நீ எந்த நிலையில் இறுக்குகிறாயோ அதுதான் ரப்பருக்குப் பூஜ்யம். தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், நிற்கும்போதே அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி உயரம் தப்பாகக் காட்டும். ரப்பர் சீக்கிரம் கிழியும்.

"அலைன்மெண்ட் பண்றவன் எப்படியும் எல்லாத்தையும் லூஸ் பண்ணித்தானேப்பா டைட் பண்ணுவான்?" என்றான்.

நல்ல கேள்வி. எங்கள் ஷாப்பில் கேட்டிருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். கீழ்க்கைக்கு அவன் சொன்னது சரி. மேல்கையின் நீளப் போல்ட்டையும் ஷாக் அப்ஸார்பரின் அடிப் போல்ட்டையும் அலைன்மெண்ட்காரர் தொடவே மாட்டார். அதை இறுக்குகிற கடைசி ஆள் நீதான்.

பலகைத் துண்டுகளை அடுக்கித் திருகி நான்கு மரக்கட்டை செய்தோம். சக்கரத்தை மாட்டி, காரை அந்தக் கட்டைகள் மேல் இறக்கினோம். சக்கரத்தில் எடை நிற்கும், அடியில் படுக்கவும் இடம் கிடைக்கும். ஒரு டன் காரில் ஓட்டுபவரின் எடையும் கணக்கில் வரும். ஓட்டப்போகிறவன் அடியில் படுத்திருந்தான். அவன் எடையும் என் எடையும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், என்னை சீட்டில் உட்காரச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வந்த முதல் நாள் அவன் சொன்ன வேலையே கடைசியில் கிடைத்தது. அடியிலிருந்து டார்க் ரெஞ்சின் டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, எங்கே போய்க்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

இறுக்கிய போல்ட்டுக்கு அடையாளம் போடாமல் நான் எந்தப் போகியையும் வெளியே விட்டதில்லை. நட்டிலிருந்து இரும்பு வரை பெயிண்டில் ஒரு கோடு. நட் நகர்ந்தால் கோடு உடையும், தூரத்திலிருந்தே தெரியும். இங்கே பெயிண்ட் இல்லை. பேத்தி தன் நகப்பூச்சைக் கொண்டுவந்தாள், ரோஸ் நிறம். அப்பா எண்ணைச் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடியில் ஊர்ந்துபோய் ஒவ்வொரு நட்டுக்கும் கோடு போட்டாள். கோடு இல்லாத இரண்டை அவள்தான் கண்டுபிடித்தாள். ஒன்று அப்பா இறுக்கிவிட்டுச் சொல்ல மறந்தது. இன்னொன்று இறுக்கவே இல்லை. முன்பக்க வலது ஷாக் அப்ஸார்பரின் அடிப் போல்ட். மகன் எதுவும் பேசாமல் மறுபடி கீழே படுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்தான்.

அலைன்மெண்ட்டுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். அங்கேயும் அவனை சீட்டில் உட்காரவைத்துத்தான் அளக்கச் சொன்னேன். புதுப் போல்ட்டுகள் வெண்ணெய் மாதிரி திரும்பின. வந்து அவிழ்த்து இறுக்கிய இடங்களில் பேத்தி மறுபடி கோடு போட்டாள்.

கோனியின் தலையில் ஒரு திருகு இருக்கும். ஸ்பிரிங் விரிந்து திரும்புகிற வேகத்தை அதில் அடக்கலாம். அவன் முழுவதும் இறுக்கி ஒரு நாள் ஓட்டினான், இரண்டாம் நாள் பாதியாக்கினான், மூன்றாம் நாள் அதற்கும் கீழே கொண்டுவந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஷாக் அப்ஸார்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டிருந்தோம். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்தில் அது நின்றுவிடும். ஊரிலேயே மோசமான ரோட்டில் போய் வந்து பார்த்தபோது பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருந்தது.

என்னையும் ஒரு சுற்று கூட்டிப்போனான். வளைவில் வண்டி சாயாமல் உட்கார்ந்து திரும்பியது. தண்டவாள இணைப்பு ஒன்றைக் கடந்தபோது ஒரே ஒரு 'தட்', அதோடு சரி. இறங்குவதற்குத்தான் இருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவும் மகளும் ஆகஸ்டில் மேக்கினா போய் வந்தார்கள். நாங்கள் அதற்குள் ஊர் திரும்பிவிட்டோம். நவம்பரில் உப்பு லாரி வந்த அன்றே வண்டிக்கு உறை போட்டுவிட்டான். ஏப்ரலில் நாலு நல்ல மழை பெய்து ரோட்டு உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பான். எடுப்பதற்கு முன் பேத்தி அடியில் போய் ரோஸ் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தாள் அவளிடம்தான் இருக்கிறது.