தெமோதரை வளைவும் என் மட்டையும்

எட்டு வருடம் என் பந்து வலப்பக்கமே வளைந்தது. நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கேடியாகப் பை சுமந்தபடி, ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற ஆட்டம் என்னுடையது. பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி தூரத்தில் ஒதுங்கி மரங்களுக்குள் போய்விடும்.

குறை மட்டை இறங்கும் பாதையில் இருந்தது. வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டை உச்சிக்குப் போனதும் அவசரம் பிறக்கிறது. வலது தோள் முந்துகிறது. தோள் பாய்ந்தால் கைகள் வெளியே தள்ளப்படும். மட்டை பந்துக்கு அப்பாலிருந்து உடம்பை நோக்கிக் குறுக்கே இழுபடும். அந்தப் பாதைக்கு அதன் முகம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். அதைச் சரிக்கட்ட நான் இடப்பக்கம் திரும்பி நின்றேன். திரும்பத் திரும்ப வளைவு கூடியது.

நான் தெமோதரைப் பக்கத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். 1924இல் பதுளை வரை வந்த ரயில் பாதை, தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. போன தடத்தின் கீழே இன்னொரு தடம். லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மட்டைக்கும் இப்படி ஒரு கீழ்த்தடம் வேண்டும் என்று பட்டது.

கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957இல் எழுதிய ‘ஃபைவ் லெசன்ஸ்’ நூலும் இதையே சொல்கிறது. பந்திலிருந்து தோள்வரை சாய்ந்த ஒரு கண்ணாடித் தகட்டை அவர் கற்பனை செய்யச் சொல்கிறார். மட்டை இறங்கும்போது அந்தத் தகடு இன்னும் படுத்துக்கொள்கிறது.

ஆனால் உச்சியிலிருந்து பந்துக்கு வர மட்டைக்கு ஏறக்குறைய கால் செக்கன்தான். அதற்குள் யோசித்துத் திருத்த நேரமில்லை. திருப்பத்திலேயே திருத்த வேண்டும். எடை முதலில் இடது காலுக்குப் போகட்டும். இடுப்பு திரும்பத் தொடங்கட்டும். முதுகு இன்னும் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். அப்போது கைகள் தாமாகவே கீழே விழும், வலது முழங்கை இடுப்பை ஒட்டி வரும்.

பழகுவதற்கு ஒரு காலி அட்டைப்பெட்டி போதும். பந்துக்கு ஒரு சாண் பின்னால், மட்டை போகும் கோட்டுக்குச் சற்று வெளியே அதை வையுங்கள். மட்டை வெளியிலிருந்து வந்தால் பெட்டி அடிபடும். உச்சியிலிருந்து இடுப்பு உயரம்வரை மட்டும் மட்டையை மூன்று முறை மெல்ல இறக்கி ஏற்றுங்கள். நான்காவது முறை அடியுங்கள். முதல் வாரம் பாதி வேகம் போதும். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம், பெட்டியைப் பாருங்கள்.

நான் மூன்று பெட்டிகளை உடைத்தேன். நான்காவது பெட்டி மழையில் ஊறித்தான் போனது. இன்றும் உச்சியில், இடது கால் நிலத்தை அழுத்தும்வரை என் கைகளைக் காக்க வைக்கிறேன்.