நொய் வரும் நேரம்

தேனைப் புளிக்கவைத்து மது செய்கிறவர்கள் ஈஸ்டுக்குத் தீனியை ஒரேயடியாகக் கொட்டமாட்டார்கள். முதல் சில நாளுக்குள் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். தேனில் நைட்ரஜன் சத்து ரொம்பக் குறைவு. பிந்திப் போட்டால் பலனில்லை.

இந்த வேளைக்கணக்கு பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் காலனியில் எங்கம்மாவுக்கும் தெரியும். கேழ்வரகு மாவை ராத்திரி கரைச்சு மூடிடும். விடிஞ்சதும் நொய்யை வேகவச்சு, புளிச்ச மாவை ஊத்திக் கிளறும். கத்திரி வெயில்னா ஒரு ராத்திரியே ஜாஸ்தி. மார்கழியில் இன்னும் ஒரு பொழுது பிடிக்கும். மோந்து பார்த்தே சொல்லிடும். உப்பு கடைசியில்தான்.

ஆனால் நொய் கூலியாக வரணுமே! ஆண்டை, 'நாளைக்கு வாடி' என்றால் மாவு காத்திருக்குமா? கடுத்த மாவின் தெளிவை இறுத்துக் கொட்டி, புதுத்தண்ணி விட்டு வைக்கும். மறுநாள் வரும் நொய்யிலும் பாதி தவிடு. அந்தக் கூழைக் குடித்துவிட்டுத்தான் அம்மா அவர் கழனிக்கே நடவுக்குப் போகும்.