கழட்டுன சக்கரம்

ஒன்றரை மாசமா இங்க எதுவும் எழுதலை. வெங்காயம் புடுங்கி, காய வெச்சு, தாளறுத்து மூட்டை புடிக்கறதுலயே நாள் ஓடிருச்சுன்னு சொல்லலாம். அது பாதி நெசம். மீதி என்னன்னா, எழுத உக்காந்தா இதைத்தான் முதல்ல எழுதணும்னு தோணும். இதை எழுதக் கை வரலை.

போன மாசம் ஒரு நாள், விடியக்காலம் நாலு மணி இருக்கும். நாமக்கல் உழவர் சந்தைக்குச் சின்ன வெங்காயம் நாலு மூட்டை ஏத்திக்கிட்டு நானும் எங்கக்கா பையனும் கிளம்பினோம். வண்டி என்னோட பழைய ஆம்னி. பின் சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு சரக்கு வண்டியாத்தான் ஓட்டறேன். எங்க தோட்டம் புதுச்சத்திரத்துல இருந்து உள்ள தள்ளி இருக்குது. மெயின் ரோட்டுக்கு வரணும்னா ஒரு ஏரிக்கரை மேல ஏறி இறங்கணும். அந்த இறக்கத்துல வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. இறங்கிப் பார்த்தா பின்னாடி இடது டயர் தரையோட ஒட்டிக் கிடக்குது. வேலா முள்ளு.

பையனுக்குப் பத்தொம்பது வயசு. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் ரெண்டாம் வருசம். அவங்கப்பா போனதுக்கு அப்புறம் அக்கா அவனைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துருச்சு. அஞ்சாவது படிக்கறப்ப இருந்து என் கூடத்தான் சுத்தறான். "மாமா, நீங்க டார்ச் மட்டும் புடிங்க, நான் பத்தே நிமிசத்துல மாத்திடறேன்"னான். சரின்னு விட்டேன்.

இந்த இடத்துல நான் செஞ்ச தப்பையெல்லாம் சொல்லிடறேன். ஒண்ணு, மூட்டையை இறக்கலை. ஆம்னி வெறும் வண்டியே முக்கா டன்னுக்கு மேல, அதுல இருநூறு கிலோ வெங்காயம். சந்தைக்கு நேரமாச்சேன்னு அப்படியே ஜாக்கி போடச் சொன்னேன். ரெண்டு, இறக்கத்துலயே நிறுத்துனது. இன்னும் அம்பது அடி உருட்டியிருந்தா சமதரை, டயர் கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது. மூணு, முன் சக்கரத்துக்குக் கல்லு வைக்கலை. ஏரிக்கரையில கல்லுக்கா பஞ்சம்? ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது மேல வரைக்கும் லொடக்குனு வந்துச்சு. கேபிள் தொங்கிப் போயி ஆறு மாசமாச்சு. பார்க்கலாம், பார்க்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். கியர்ல தானே இருக்குது, எங்க போயிரும்னு நெனச்சேன்.

ஒரே ஒரு காரியம் மட்டும் சரியாச் செஞ்சேன். அதுவும் யோசிச்சுச் செஞ்சதில்ல, பழக்கம்.

பன்னண்டாவது முடிச்சுட்டு ரெண்டு வருசம் லாரியில கிளீனரா போனவன் நான். அந்தக் காலத்துல நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு சுத்துப்பக்கத்துல மழை ஏமாத்துனா பசங்க ஏறுறது லாரியிலதான். இன்னைக்கும் நாமக்கல்ல லாரிக்குக் கூண்டு கட்டற பட்டறை வரிசையா இருக்குது, வெளி மாநிலத்துக்காரங்களும் வந்து கட்டிக்கிட்டுப் போறாங்க. என் டிரைவர் அண்ணனுக்கு இடது கையில ரெண்டு விரல் இல்லை. வழியில எங்க பஞ்சர் ஆனாலும் அவரு சொல்லற முதல் வார்த்தை, "கழட்டுன சக்கரத்தை வண்டிக்கு அடியில தள்ளுடா." எதுக்குண்ணான்னு ஒரு தடவை கேட்டேன். பதில் சொல்லலை. அந்தக் கையை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு, அவ்வளவுதான்.

அன்னைக்கும் பையன் பஞ்சர் டயரைக் கழட்டி ஓரமா உருட்டப் போனான். நான் புடிச்சு வண்டிக்கு அடியில படுக்கப் போட்டேன். "எதுக்கு மாமா, ஒரு நிமிசத்துல ஸ்டெப்னிய மாட்டிடுவேன்ல"ன்னு சலிச்சுக்கிட்டான்.

ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டப் போறப்ப ஒரு நட்டு கால் பட்டு உருண்டு உள்ள போயிருச்சு. டார்ச் அடிச்சா டயருக்கு அந்தப் பக்கம் மினுக்குது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் ஒரு கையை வண்டி மேல ஊணி, இன்னொரு கையைத் தோள் வரைக்கும் உள்ள விட்டுட்டான்.

வண்டி நகர்ந்துச்சு. ரொம்ப இல்லை, ஒரு சாண் இருக்கும். ஜாக்கி அப்படியே சாஞ்சு தெறிச்சு விழுந்துச்சு. டப்புனு ஒரு சத்தம். டார்ச் என் கையில இருந்து எப்ப விழுந்துச்சுன்னு தெரியலை. இருட்டு. தவளைச் சத்தம் கூட நின்ன மாதிரி இருந்துச்சு.

"கண்ணு"ன்னு கூப்புட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்புட்டேன்.

"மாமா... இருக்கறேன்."

வண்டி அந்தப் படுக்கப் போட்ட டயர் மேல உக்காந்திருந்துச்சு. டயர் கனம் ஒரு அரை அடி. அந்த அரை அடிச் சந்துல அவன் கை. மெதுவா உருவி எடுத்தான். முழங்கைகிட்ட தோலு வழண்டிருந்தது, வேற ஒண்ணுமில்லை. உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனான். நட்டு கையிலயே இருந்துச்சு. ரெண்டு பேரும் ரோட்டோரமா உக்காந்துட்டோம். எனக்கு எழுந்திரிக்கக் கால் வரலை.

ஜாக்கி கோணிப் போச்சு. பால் வண்டிக்காரரு ஒருத்தரு அந்த வழியா வந்தாரு, அவருகிட்ட பாட்டில் ஜாக்கி இருந்துச்சு. இந்தத் தடவை மூட்டையெல்லாம் இறக்குனோம். முன் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு, மண்ணு பொதபொதன்னு இருந்ததால ஜாக்கிக்கு அடியில ஒரு பலகை. அந்த ஜாக்கியும் ஒண்ணும் யோக்கியமில்லை. தூக்கி நிறுத்துனா, பார்க்கப் பார்க்கத் துளித் துளியா இறங்குது. அதுக்குள்ள ஆயில்தான் பாரத்தைத் தாங்குது. உள்ள இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சா, வால்வுல தூசி சிக்குனா ஆயில் நழுவும். சில சமயம் மெதுவா இறங்கும், சில சமயம் ஒரேயடியா. காருல குடுக்கற திருகு ஜாக்கியில ஆயில் கிடையாது, அதனால அப்படி இறங்காது. அது சாயும். அடி சின்னது, மேல ஒல்லி, பக்கவாட்டுல தள்ளுனா தாங்கறதுக்கு அதுல ஒண்ணுமில்லை.

எனக்கு அப்பவும் புரியாத விசயம் ஒண்ணு இருந்துச்சு. கியர்ல நின்ன வண்டி எப்படி உருளும்? சந்தைக்குப் போற வழியில பையன்தான் சொன்னான். "மாமா, இதை பரீட்சையில படம் போட்டு எழுதியிருக்கறேன். டிஃபரன்ஷியல்."

ஆம்னிக்கு இழுவை பின் சக்கரத்துல. கியர்ல போட்டா எஞ்சின் அந்த ஷாஃப்ட்டை மட்டும்தான் புடிச்சுக்கும். ரெண்டு சக்கரமும் தரையில இருந்தா ரெண்டும் நிக்கும். ஒண்ணை மேல தூக்கிட்டா, தரையில இருக்கற சக்கரம் முன்னால சுத்த, தூக்குன சக்கரம் பின்னால சுத்திக்கும். ஷாஃப்ட் அசையவே வேண்டியதில்லை. அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பா வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. டிராக்டர் சேத்துல மாட்டுனா ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தும், இன்னொண்ணு சும்மா நிக்கும். அதுக்குத்தானே காலுக்குக் கீழ லாக் பெடல் வெச்சிருக்கறாங்க? முப்பது வருசமா அதை மிதிக்கறவன் நான். அவன் அதுக்கு மார்க் வாங்குனவன். ரெண்டு பேருக்கும் அந்த ஏரிக்கரையில ஞாபகம் வரலை.

அப்ப வண்டியை நிறுத்த இருந்தது அந்தத் தொங்கிப் போன ஹேண்ட் பிரேக் ஒண்ணுதான். அரைகுறையாப் புடிச்சுக்கிட்டிருந்தது, பையன் கையை ஊணுனதும் விட்டுருச்சு.

பட்டணத்துல இருக்கற நீங்க, நம்ம காரு முன் சக்கர இழுவை, நமக்கு இது இல்லைன்னு நெனைக்காதீங்க. முன் சக்கரத்தைத் தூக்குனா உங்களுக்கும் இதே கதைதான், கியர் உதவாது. பின் பிரேக்குதான் புடிக்கணும். அதனால கியரும் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, எந்தப் பக்கம் தூக்கறீங்களோ அதுக்குக் குறுக்கால இருக்கற சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க. கல்லு இல்லாட்டி செங்கல்லு. நட்டை ஜாக்கி போடறதுக்கு முன்னாடியே, சக்கரம் தரையில இருக்கறப்பவே கொஞ்சம் இளக்கி விடுங்க. தூக்கி வெச்சுட்டு ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சா வண்டியே ஆடும். முடுக்கறப்பவும் அப்படித்தான்: கையில போட்டுட்டு, இறக்கி வெச்சு, எதிர் எதிரா முடுக்கணும். ஜாக்கி போடறதுக்குன்னே காரோட அடி விளிம்புல வெட்டு இருக்கும், புஸ்தகத்துல படமும் இருக்கும். பிளாட் பார்க்கிங்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போட்டுப் பாருங்க. ராத்திரி மழையில முதல் தடவையா அந்த ஜாக்கியைத் தேடறது நல்லதில்ல. வண்டிக்குள்ள ஆள் இருக்கறப்ப தூக்காதீங்க, குழந்தை தூங்குதுன்னு விட்டுறாதீங்க.

நாலு வழிச் சாலைன்னா விசயமே வேற. சேலம் கரூர் ரோட்டுல ராத்திரி லாரி வர்ற வேகத்துக்கு, ஓரத்துல குந்திக்கிட்டு நட்டுக் கழட்டறது ஜாக்கியை விட ஆபத்து. வலது பக்க டயர்னா கேக்கவே வேண்டாம். ரிம் போனாப் போகுதுன்னு பெட்ரோல் பங்க்கோ சர்வீஸ் ரோடோ வர்ற வரைக்கும் மெதுவா உருட்டிடுங்க. முடியலைன்னா எல்லாரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டு 1033க்கு அடிங்க, தேசிய நெடுஞ்சாலைக்குன்னே இருக்கற நம்பரு.

ஸ்டெப்னிங்கற பேரே வேல்ஸ் நாட்டுல ஒரு தெருப் பேராம். லனெல்லிங்கற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல 1904ல மாத்துச் சக்கரம் செஞ்சு வித்திருக்கறாங்க. அதுக்கு முன்னாடி காருல உதிரிச் சக்கரமே கிடையாது, வழியிலயே உக்காந்து ஒட்டணும். இப்ப மறுபடியும் அந்தப் பக்கம் போறோம். டியூப்லெஸ் டயரும், காத்துக் குறைஞ்சா காட்டற கருவியும், பஞ்சர் ஒட்டற சாமானும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கார் விக்கலாம்னு 2020ல மத்திய அரசு விதியை மாத்துச்சு. அப்படி ஒட்டறதுல ஜாக்கிக்கு வேலையே இல்லை, அந்த வரைக்கும் நல்லதுதான். என்னை மாதிரி ஆளுங்க இன்னும் கொஞ்ச நாளைக்கு ஜாக்கியோடதான் இருப்போம்.

சந்தைக்குப் போறப்ப ஏழரை ஆகிப் போச்சு. வழக்கமா வாங்கற ஆளுங்க பாதிப்பேரு போயிட்டாங்க, ஒன்றரை மூட்டை திரும்ப வந்துச்சு. மறுநாளே ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணிட்டேன். கேபிளை இழுத்து முறுக்குனாரு மெக்கானிக், கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஆறு மாசமாத் தள்ளிப் போட்டேன். வண்டியில இப்ப ஒரு அடிக்கு ஒரு அடி வேப்பம்பலகையும், ஆப்பு மாதிரி செதுக்குன ரெண்டு புளியங்கட்டையும் கிடக்குது.

பஞ்சர் ஒட்டி வந்த சக்கரத்தை வாசல்ல சாத்தி வெச்சிருந்தேன். ரிம்மு ஒரு பக்கம் உள்ள நெளிஞ்சிருக்குது. அக்கா சாணி வழிக்கற கையோட நின்னு அதைப் பார்த்துச்சு.

"என்னடா தம்பி, இரும்பு இப்படி வளைஞ்சு கிடக்குது?"

பையன் திண்ணையில உக்காந்து புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், அந்த வெயில்லயும்.

"கல்லுல ஏறிருச்சுக்கா"ன்னேன்.