பிடதியில் ஓர் இரவு

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பாதையில், தட்டை இட்டிலிக்குப் பெயர்பெற்ற பிடதியருகே 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. 2012-இல் அதனை ஒட்டி விடுதியும் எழுந்தது.

கலிபோர்னியாவில் 1955-இல் டிஸ்னிலாந்தைத் திறந்த வால்ட் டிஸ்னி, அங்குள்ள தீயணைப்பு நிலைய மாடியில் தம் குடும்பத்துக்கென ஒரு சிறு இல்லம் அமைத்துக்கொண்டார். பெரிதாக மற்றொன்று அமைக்கவும் எண்ணினார், 1966-இல் காலமானார். அவர் கருதிய இடத்திலேயே 2008-இல் அணிசெய்யப்பட்ட தங்குமனையில், பரிசாகத் தேர்வு பெற்ற குடும்பங்களே ஓரிரவு தங்கின. காசு கொடுத்துப் பெற இயலாத பேறு அது! பிடதியிலோ, முன்பதிவு செய்து கட்டணம் செலுத்துவோர் எவரும் தங்கலாம்.

ரெயில்வேயில் இரவுப் பணி பார்க்கும் என் போன்றோர் இல்லத்தில், தந்தையும் மக்களும் ஒருங்கே உறங்கும் இரவுகள் அரியவை. பகற்கூட்டம் கலைந்து, இராட்டினங்கள் ஓய்ந்தபின், நாங்கள் நால்வரும் அவ்விடுதி அறையில் அமர்ந்து ஊர்க்கதை பேசினோம். "நாளை இரவும் எங்களோடு இருப்பீர்களா, அப்பா?" என்றாள் இளைய மகள். மறுமொழி கூற எனக்கு நாவெழவில்லை.

அன்பர்களே, ஊர்ப்பயணத்துக்குச் சேர்த்த பணத்தை இதில் செலவிட வேண்டுவதில்லை. ஆயினும், ஆண்டுக்குச் சில இரவுகளேனும் நம் மக்களுக்கென ஒதுக்குவோம். அவை விடுதியில் கழிந்தாலென்ன, வீட்டு மொட்டைமாடியில் கழிந்தாலென்ன!